திண்ணை வரையா, வளவு வரையா: திருநர் உரிமை பற்றிய மக்கள் மனத்தை அளப்பது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் யாரிடமாவது "நம் ஊரில் திருநங்கைகளை மக்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "அந்தக் காலம் போல இல்லை, எவ்வளவோ மாறிவிட்டது" என்பார் ஒருவர். "எங்கே மாறியது? வாடகைக்கு வீடு கேட்டுப் போகட்டும், அப்போது தெரியும்" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இந்த இரண்டு பதில்களும் ஒரே மனிதரின் மனத்துக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கவும் முடியும். கடைத் திறப்பு அன்று திருநங்கை கையால் ஆசி வாங்கி, வியாபாரம் பெருகும் என்று மனமார நம்புகிற அதே முதலாளி, அதே கடையில் அவருக்குக் கணக்கு எழுதும் வேலை கொடுக்கத் தயங்குகிறார். முதலாளியின் பக்தி நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. தயக்கமும் உண்மையானதுதான். இரண்டும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று ஆராய்வதே அரசியல் அறிவியலில் மக்கள் மனப்பான்மை ஆய்வு என்று சொல்லப்படும் பிரிவின் வேலை.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். உரிமை என்பது ஊர் ஓட்டெடுத்துக் கொடுப்பது இல்லை. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து சொல்லும் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தபோது, நாட்டில் எத்தனை சதவீதம் பேர் சம்மதிக்கிறார்கள் என்று கேட்கவில்லை. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 2008இல், தமிழ்நாடு அரசு திருநங்கைகளுக்காகத் தனி நலவாரியம் அமைத்துவிட்டது. பிறகு எதற்காக மக்கள் மனத்தை அளக்க வேண்டும்? சட்டம் எழுதுவது சென்னையிலும் டெல்லியிலும். அந்தச் சட்டம் உயிர் பெறுவது தாலுகா அலுவலகக் கவுன்டரில், வீட்டு உரிமையாளரின் தலையசைப்பில், பள்ளித் தலைமையாசிரியரின் கையெழுத்தில். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் சாதாரண மனிதர்கள். அவர்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், கிடைத்த உரிமை எங்கே போய்த் தடுக்கி விழுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

எவ்வளவு தூரம் உள்ளே?

மனப்பான்மையை அளக்கும் பழைய கருவிகளில் ஒன்றை அமெரிக்கச் சமூகவியலாளர் எமரி போகார்டஸ் 1925இல் வெளியிட்டார். ஒரு குழுவினரைப் பிடிக்குமா, பிடிக்காதா என்று அவர் பொத்தாம்பொதுவாகக் கேட்கவில்லை. அந்தக் குழுவைச் சேர்ந்த ஒருவரை உங்கள் நாட்டில் இருக்க விடுவீர்களா, உங்கள் தெருவில் குடியிருக்க விடுவீர்களா, நண்பராக்கிக்கொள்வீர்களா, திருமணத்தின் வழியாக உறவாக்கிக்கொள்வீர்களா என்று படிப்படியாக நெருங்கி வந்து கேட்டார். எந்தப் படியில் ஒருவர் "வேண்டாம்" என்கிறாரோ, அதுதான் அவர் மனத்தில் வைத்திருக்கும் தொலைவு. இதைச் சமூகத் தொலைவு அளவுகோல் என்பார்கள்.

செட்டிநாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தனியாகப் படம் வரைய வேண்டியதில்லை. நம் வீடுகளே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. கானாடுகாத்தானிலோ கோட்டையூரிலோ ஒரு பழைய வீட்டுக்குள் போங்கள். முதலில் திண்ணை, பிறகு முகப்பு, அதைத் தாண்டினால் தூண்கள் சூழ்ந்த வளவு, அதற்கப்பால் சாப்பாடு நடக்கும் இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி. யார் திண்ணையோடு நிற்பார், யாரை முகப்பில் உட்காரவைத்துப் பேசுவார்கள், யார் கேட்காமலே வளவுக்குள் நடந்து வருவார், யாருக்கு இரண்டாம் கட்டில் இலை போடுவார்கள் என்பது ஆச்சிமார்களுக்கு மனப்பாடம். யாரும் எழுதிவைக்காத இந்த விதிகள்தாம் போகார்டஸ் தாளில் எழுதிய படிகள்.

இதைத் திருநர் (திருநங்கை, திருநம்பி இருவரையும் சேர்த்துக் குறிக்கும் சொல்) விஷயத்தில் பொருத்திப் பார்த்தால் முதலில் சொன்ன முதலாளியின் முரண்பாடு விளங்கிவிடும். ஆசி வாங்குவது திண்ணையில் முடிந்துவிடுகிற உறவு. வேலை கொடுப்பது முகப்பு வரை வருவது. வாடகைக்கு அறை விடுவது வளவைத் தாண்டுவது. மகளாக வளர்ந்த தன் பிள்ளையே ஒருநாள் "நான் ஆண், திருநம்பி" என்று சொல்வது அடுப்படிக்குள் நடப்பது. திண்ணையில் கிடைக்கிற மரியாதையைப் பார்த்துவிட்டு ஊரே ஏற்றுக்கொண்டுவிட்டது என்று சொல்வதும், அடுப்படியில் கேட்கிற அழுகையை வைத்து எதுவுமே மாறவில்லை என்று சொல்வதும் ஒரே வகைப் பிழை. எந்தப் படி என்று சொல்லாமல் "ஏற்பு" என்று பேசுவதில் பொருளில்லை. இதுவே இந்தக் கட்டுரையின் முதல் பாடமும் முக்கியமான பாடமும்.

படி மாறினால் விடை மாறும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. பியூ ஆய்வு மையம் 2022இல் நடத்திய கணிப்பில், வேலை, வீடு, பொது இடம் ஆகியவற்றில் திருநர்களைப் பாகுபாட்டிலிருந்து சட்டம் காக்க வேண்டும் என்று 64 சதவீதம் பேர் சொன்னார்கள். அதே கணிப்பில், விளையாட்டுப் போட்டிகளில் திருநர்கள் பிறப்பின்போது குறிக்கப்பட்ட பாலின அணியில்தான் ஆட வேண்டும் என்று 58 சதவீதம் பேர் சொன்னார்கள். பதில் சொன்னவர்கள் ஒரே ஆட்கள்தாம். ஆகவே இவர்களை ஆதரவாளர் என்றும் எதிர்ப்பாளர் என்றும் இரண்டு பெட்டிகளில் போட முடியாது.

ஏன் இந்த வேறுபாடு? திருநர் உரிமைகளை அரசியல் அறிவியலாளர்கள் இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். வேலை, வாடகை, வங்கிக் கடன் போன்றவை பொதுவான குடிமை உரிமைகள். இவற்றில் சமத்துவம் என்ற பழகிய கொள்கை கைகொடுக்கிறது. கழிப்பறை, விளையாட்டு, மருத்துவச் சிகிச்சை, சான்றிதழில் பாலினம் போன்றவை உடலைப் பற்றிய எண்ணத்தைக் கிளறுகின்றன. இந்த இரண்டாம் வகையில், அருவருப்பு உணர்வு யாருக்கு எளிதில் எழுகிறதோ, கட்டுப்பாடும் ஒழுங்கும் யாருக்கு மிக முக்கியமோ, அவர்களிடம் எதிர்ப்பு கூடுதலாக இருக்கிறது என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நம் ஊருக்கும் இது பொருந்துமா? ஓர் ஊகத்தை முன்வைக்கிறேன். 2021இல் மகளிருக்கான கட்டணமில்லா பஸ் பயணம் திருநங்கைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதை எதிர்த்துப் பெரிய கூச்சல் எதுவும் எழவில்லை. டவுன் பஸ்ஸில் பக்கத்து இருக்கை என்பது திண்ணைக்குச் சமம். இடஒதுக்கீடு என்ற பேச்சு வந்ததும் குரல்கள் மாறுகின்றன. அங்கே உடல் பிரச்சினையாக இல்லை. இருக்கும் இடங்களில் யாருக்கு எவ்வளவு என்ற பங்கீடு வந்துவிடுகிறது. அமெரிக்காவின் இருவகைப் பிரிவோடு நமக்குப் பங்கீடு என்ற மூன்றாவது வகையும் தேவைப்படும் என்பது என் எண்ணம்.

வாய் சொல்வதும் கை செய்வதும்

முகத்துக்கு நேரே வந்து கேட்பவரிடம் மக்கள் நல்லவர்களாகத் தெரிய விரும்புகிறார்கள். அது மனித இயல்பு. விருந்தினரிடம் ஒரு சொல் அதிகமாக இனிப்பாகவே பேசப் பழகிய ஊர் நம்முடையது. கணக்கெடுக்க வந்த கல்லூரிப் பெண்ணிடம் "எங்களுக்கு ஒரு வேற்றுமையும் இல்லை தாயே" என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்புவார்கள். அந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொண்டால் ஆய்வு கெட்டது.

இதைச் சமாளிக்கப் பட்டியல் முறை என்ற உத்தி உண்டு. குலுக்கல் முறையில் மக்களை இரு குழுக்களாகப் பிரிக்க வேண்டும். முதல் குழுவிடம் சாதாரணமான நான்கு வாக்கியங்களைக் கொடுத்து, "இவற்றில் எத்தனை உங்களுக்குப் பொருந்தும்? எண்ணை மட்டும் சொல்லுங்கள், எவை என்று சொல்ல வேண்டாம்" என்று கேட்க வேண்டும். இரண்டாம் குழுவுக்கு அதே நான்கு வாக்கியங்களோடு ஐந்தாவதாக ஒன்று: "என் மேலதிகாரி திருநங்கையாக இருந்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்." கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். முதல் குழுவின் சராசரி 2.1, இரண்டாம் குழுவின் சராசரி 2.5 என்று வந்தால், இடையில் உள்ள 0.4 அந்த ஐந்தாவது வாக்கியத்தால் வந்தது. நூற்றுக்கு நாற்பது பேருக்குச் சங்கடம் இருக்கிறது என்று பொருள். தனிப்பட்ட எவரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. யாருடைய மானமும் போகவில்லை. ஊரின் உண்மை மட்டும் வெளியே வந்துவிட்டது.

அமெரிக்காவில் இந்த முறையில் நடத்திய ஓர் ஆய்வு, மக்கள் திருநர் மீதான வெறுப்பைக் குறைத்தே சொல்கிறார்கள் என்று உறுதிசெய்தது. அந்த மறைப்பைக் கழித்த பிறகும் 73 சதவீதம் பேர் திருநர் ஒருவரை மேலதிகாரியாக ஏற்கத் தயாராக இருந்தார்கள். அதே ஆய்வின் மற்றொரு முடிவு என்னை அதிகம் யோசிக்கவைத்தது. மற்றவர்களில் எத்தனை பேர் ஆதரிப்பார்கள் என்று கேட்டபோது, மக்கள் உண்மையை விட மிகக் குறைவான எண்ணைச் சொன்னார்கள். தனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் ஊர் ஒத்துக்கொள்ளாது என்று பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். எல்லாரும் அப்படியே நினைத்து வாய்மூடி இருந்தால், ஊரில் இல்லாத எதிர்ப்பு இருப்பதாகவே ஆகிவிடும்.

இதை நம் மாநிலத்திலேயே, சென்னையில், மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஆராய்ந்தவர் டங்கன் வெப் என்ற பொருளாதார ஆய்வாளர். அவர் யாரிடமும் "உங்களுக்குத் திருநங்கைகளைப் பிடிக்குமா?" என்று கேட்டு நிற்கவில்லை. வீட்டுக்கு மளிகைப் பொருள் கொண்டுவந்து கொடுக்க எந்தத் தொழிலாளி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார். தேர்வில் உண்மையான பொருள் இருந்தது. திருநங்கையை வேண்டாம் என்று ஒதுக்கினால் கிடைக்கும் மளிகையின் அளவு குறையும். மக்கள் என்ன செய்தார்கள்? சராசரியாக, தங்கள் ஒருநாள் சாப்பாட்டுச் செலவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு மதிப்பை விட்டுக்கொடுத்துத் திருநங்கையைத் தவிர்த்தார்கள். பாகுபாடு எவ்வளவு ஆழமானது என்பதை ரூபாய்க் கணக்கில் காட்டிய ஆய்வு இது. வெறுப்பவரும் அதற்கு விலை கொடுக்கிறார். படிக்கும்போது மனம் கனத்தது.

ஆனால் ஆய்வு அங்கே முடியவில்லை. வேறு சிலரை, தனியாகத் தேர்ந்தெடுக்கும் முன், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரோடு சேர்ந்து உட்கார்ந்து பேசிப் பொதுவாக ஒரு முடிவெடுக்கச் சொன்னார்கள். யாரும் அவர்களுக்கு உபதேசம் செய்யவில்லை. மூன்று பேரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதன் பிறகு தனித்தனியாக, யாரும் பார்க்காத இடத்தில் தேர்ந்தெடுத்தபோது, சராசரியில் அந்தப் பாகுபாடு காணாமல் போயிருந்தது. திருநர்களின் சட்ட உரிமைகளைப் பற்றித் தகவல் சொன்னதை விட, இந்தப் பேச்சின் விளைவு பெரிது. காரணத்தையும் அவர் தேடினார். அப்படிப் பேசும்போது, திருநங்கைகளுக்கு ஆதரவாக இருந்தவர்களே அதிகம் வாய் திறந்தார்கள். "அவர்களும் பிழைக்க வேண்டாமா?" என்று ஒருவர் சொன்னால் போதும், மற்றவர்களின் மனம் அசைகிறது.

இந்த முடிவில் என்னை ஈர்ப்பது அதன் எளிமை. வெளியூரிலிருந்து யாரும் வந்து பாடம் நடத்தவில்லை. மனம் மாறியது பக்கத்து வீட்டுக்காரர் பேச்சால்தான். மாலையில் முகப்பில் கூடிப் பேசும் பழக்கம் இன்னும் அறவே போய்விடாத ஊர்களில் வாழ்கிறவர்கள் இந்த ஆய்வை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பத்து நிமிடப் பேச்சு

உரையாடல் மனத்தை மாற்றும் என்பதற்கு முதல் வலுவான சான்று வந்தது அமெரிக்காவின் மயாமி நகரிலிருந்து. அதற்கு முன்கதை ஒன்று உண்டு. 2014 டிசம்பரில் அறிவியல் இதழ் ஒன்றில், வீடு வீடாகப் போய்ப் பேசியதால் ஒருபாலினத் திருமணம் குறித்த கருத்து நிலையாக மாறியது என்று ஒரு கட்டுரை வந்து பெரிதாகப் பேசப்பட்டது. டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இளம் ஆய்வாளர்கள் அதேபோன்ற ஆய்வைத் தாங்களும் செய்ய முனைந்தபோது, அந்தத் தரவு இயல்பாக இல்லை என்று கண்டுபிடித்தார்கள். 2015 மே மாதம் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதோடு விட்டுவிடாமல், கேள்வி நல்ல கேள்விதான் என்று கருதி, இருவரும் நேர்மையாகத் தங்கள் ஆய்வை நடத்தி முடித்தார்கள். அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் விதத்துக்கு, மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

மயாமி வட்டாரத்தில் 2014 இறுதியில் திருநர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் உள்ளூர்ச் சட்டம் வந்திருந்தது. அங்கே 501 வாக்காளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினரிடம் திருநர் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்கள். மற்றவர்களிடம் மறுசுழற்சி பற்றிப் பேசினார்கள். இரண்டாவது பேச்சு எதற்கு? வீட்டுக்கு ஒருவர் வந்து பேசியதே மாற்றத்துக்குக் காரணமாகிவிடக் கூடாது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக. பேசியவர்கள் வாதாடவில்லை. "நீங்கள் வேறு மாதிரி இருக்கிறீர்கள் என்பதற்காக உங்களை யாராவது மட்டமாக நடத்தியது உண்டா?" என்று கேட்டு, வீட்டுக்காரர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டார்கள். பிறகு திருநர்கள் படும் பாட்டை அந்த அனுபவத்தோடு இணைத்துப் பார்க்கச் சொன்னார்கள். விளைவு மூன்று மாதங்களுக்குப் பிறகும் நிலைத்திருந்தது. பேசப் போனவர் திருநராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலன் கிடைத்தது. 2016இல் இது வெளியானது. பிற்பாடு அதே ஆய்வாளர்கள் செய்த சோதனைகளில் இன்னொன்றும் தெளிவானது: கதை பரிமாறாமல் வாதங்களை மட்டும் அடுக்கினால் மனம் அசையவில்லை.

சந்தித்தால் போதுமா?

திருநங்கைகளைப் பார்த்தே இராதவர் செட்டிநாட்டில் இல்லை. கடைவீதியில், பஸ் ஸ்டாண்டில், கோயில் திருவிழாவில் பார்க்கிறோம். பிறகு ஏன் தொலைவு குறையவில்லை? உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே இதற்கு விடை சொன்னார். சும்மா சந்திப்பது போதாது. இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான நோக்கம் வேண்டும், சேர்ந்து வேலை செய்ய வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவு வேண்டும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கும் கை நீட்டி நிற்பவருக்கும் இடையே நடக்கிற சந்திப்பில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. ஆத்தங்குடியில் ஒரே பட்டறையில் தளக்கல் வார்ப்பவர்கள், கல்யாணச் சமையலில் ஒரே அடுப்பைச் சுற்றி நிற்பவர்கள், ஒரே மகளிர் குழுவில் சீட்டுக் கட்டுபவர்கள்: இவர்களிடையே திருநங்கை ஒருவர் இருந்தால் அது ஆல்போர்ட் சொன்ன சந்திப்பு.

சம நிலைச் சந்திப்பின் வலிமைக்கு ஒரு பெரிய சான்று சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இருக்கிறது. 2021இல் ஒருபாலினத்தவர் இணை ஒன்றின் வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்குப் போதிய தெளிவு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டு, இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களோடும் பேசிய பிறகே தீர்ப்பு எழுதினார். நேரில் பழகாதவர்களுக்கு மேடையும் திரையும் ஓரளவு உதவுகின்றன. மதுரையில் பிறந்த திருநங்கை நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ பெற்றதும், திருநங்கை பிரித்திகா யாசினி நீதிமன்றம் வரை போராடி 2017இல் சப் இன்ஸ்பெக்டர் ஆனதும் பல வீடுகளில் பேச்சுக்கு வந்த செய்திகள்.

சட்டம் மனத்தை மாற்றுமா? இதற்குச் சுருக்கமான விடை உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015இல் ஒருபாலினத் திருமணத்தை ஏற்றபோது டாங்கார்ட், பலக் என்ற இரு ஆய்வாளர்கள் தீர்ப்புக்கு முன்னும் பின்னும் மக்களை அளந்தார்கள். சொந்தக் கருத்து உடனே மாறவில்லை. ஊரார் ஆதரிக்கிறார்கள், இனியும் ஆதரிப்பார்கள் என்ற எண்ணம் கூடியிருந்தது. மற்றவர்களைப் பற்றிய தவறான கணக்கைத்தான் சட்டம் முதலில் திருத்துகிறது. சென்னை ஆய்வில் பக்கத்து வீட்டுக்காரரின் பேச்சு செய்ததும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான்.

இவ்வளவையும் வைத்துக் காரைக்குடி வட்டாரத்தில் ஓர் ஆய்வு செய்வதானால் எப்படிச் செய்யலாம்? "ஆதரிக்கிறீர்களா?" என்ற ஒற்றைக் கேள்வியை முதலில் தூக்கிப் போட வேண்டும். பஸ் இருக்கை, கடை வேலை, வாடகை வீடு, பிள்ளைக்கு ஆசிரியர், குடும்பத்துக்குள் ஒருவர் என்று படிப்படியாகக் கேட்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் "நீங்கள் சம்மதிப்பீர்களா?" என்று ஒருமுறையும், "உங்கள் தெருவில் பத்துப் பேரில் எத்தனை பேர் சம்மதிப்பார்கள்?" என்று ஒருமுறையும் கேட்க வேண்டும். இரண்டு விடைகளுக்கும் இடையிலான பள்ளம் எந்தப் படியில் ஆழமோ, அங்கேதான் பேச்சு தொடங்க வேண்டும். முகப்பில் உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால் ஆண்களின் கருத்துதான் கிடைக்கும். உள்கட்டில் இருப்பவர்களிடமும் தனியாகப் பேச வேண்டும். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் உரிமையாளர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். வாடகையைத் தீர்மானிப்பவர் அவர்தான் என்றால் அவரையும் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 4.88 லட்சம் பேரும், தமிழ்நாட்டில் சுமார் 22 ஆயிரம் பேரும் ஆண், பெண் அல்லாத மூன்றாவது பிரிவில் பதிவானார்கள். தயங்கிச் சொல்லாதவர்கள் பலர் இருப்பார்கள் என்பது வேறு. இந்தக் கணக்குப்படி ஆயிரம் பேரிடம் எடுக்கும் பொதுக் கணிப்பில் ஒரு திருநர்கூட இடம்பெறாமல் போகலாம். அவர்களைப் பற்றிய ஆய்வு, அவர்கள் குரல் ஒன்றுகூட இல்லாமல் முடிந்துவிடும். ஆகவே கேள்வித்தாள் எழுதும்போதே இந்தப் பகுதியில் வாழும் திருநங்கைகளையும் திருநம்பிகளையும் உட்காரவைத்து, எந்தப் படிகளை முதலில் கேட்க வேண்டும் என்று அவர்களையே வரிசைப்படுத்தச் சொல்ல வேண்டும். விளையாட்டு அணி என்று ஆய்வாளர் எழுதிவைத்திருக்கும் இடத்தில், ரேஷன் அட்டையையோ வாடகை ஒப்பந்தத்தையோ இரவில் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போவதையோ எழுதச் சொல்லி அவர்கள் திருத்தக்கூடும்.